விருந்தில் தயங்கும் பிள்ளையும் அரிசி ரொட்டியும்

 

வலீமா விருந்தில் பரோட்டாவை ஒதுக்கி வைக்கும் பிள்ளையிடம், "பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடு, ஒன்றும் ஆகாது" என்று பெரியவர்கள் வற்புறுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். அன்பினால் வரும் சொல்தான் அது. ஆயினும் அப்பிள்ளைக்குச் சீலியாக் நோய் இருக்குமாயின், அந்த அன்பே தீங்காகிவிடும்.

கோதுமை, பார்லி ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. சீலியாக் நோயாளி அதை உண்டால், உடலின் எதிர்ப்பாற்றலே அவரது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. உண்ட உணவின் சத்து உடலில் சேருவதில்லை. இரத்தசோகை, வயிற்றுப்போக்கு, வளர்ச்சிக் குறைவு ஆகியன தொடர்கின்றன. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே இதற்குக் கோதுமையே காரணம் என்று ஐயுற்றிருந்தார். 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத நாட்களில் இக்குழந்தைகள் தேறியது அவரது ஐயத்தை வலுப்படுத்தியது. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டை அளித்தார். வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இன்றும் இதற்குரிய மருத்துவம்.

விருந்தில் ஓர் உணவை மறுப்பது மரியாதைக் குறைவாகுமா? உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை உண்ணவில்லை; அதே விரிப்பில் அமர்ந்திருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்டார்கள். இது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள செய்தி. உண்டவரையும் தடுக்கவில்லை, உண்ணாதவரையும் வற்புறுத்தவில்லை. விருந்தின் ஒழுக்கத்தை நாம் இங்கிருந்தே கற்க வேண்டும்.

ஒதுக்கி வைத்தால் மட்டும் போதாது, கலப்பும் கூடாது. மரக்காணம் உப்பளக் கரையில் வாழும் நமக்கு, வாரும்போது சிறிது சேறு கலந்தாலும் உப்பின் வெண்மை கெடும் என்று தெரியும். இதுவும் அவ்வாறே. பரோட்டா போட்ட கல்லிலேயே வார்த்த தோசையும், சமோசா பொரித்த எண்ணெயிலேயே பொரித்த வடையும் இவர்களுக்கு ஆகா. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். ரவையும் சேமியாவும் கோதுமையே. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவையே "குளூட்டன் அற்றது" என்று விற்கலாம். அளவு அத்துணை நுண்ணியது. எனவே சமைப்பவர் கையில் இருப்பது ஓர் அமானிதம்.

இதற்காக விலையுயர்ந்த ரொட்டியைத் தேடி அலைய வேண்டுமா? ஃபித்ராவுக்கு ஹதீஸில் பேரீச்சம்பழமும் பார்லியும் கூறப்பட்டிருந்தும், ஊரின் முதன்மை உணவு என்பதால் நாம் அரிசியை அளக்கிறோம். ரொட்டிக்கும் அரிசியே நமக்குப் போதும். மலபார் முஸ்லிம்களின் பத்திரியைப் பாருங்கள்: வறுத்த அரிசி மாவு ஒரு பங்கு, உப்பிட்டுக் கொதிக்கும் நீர் ஏறக்குறைய ஒரு பங்கு. கிளறி இறக்கி, சூடு ஆறுமுன் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, வெறுங்கல்லில் சுட்டால் மிருதுவான ரொட்டி ஆயத்தம். ஆப்பமும் இடியாப்பமும் நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ளன.

பள்ளிக்குக் கொடுத்தனுப்ப பன் போன்ற ரொட்டிதான் வேண்டுமென்று பிள்ளை கேட்டால் அதற்கும் வழி உண்டு. மாவைப் புளிக்க வைக்கும்போது எழும் காற்றைப் பிடித்து வைப்பது குளூட்டனின் பசைத்தன்மை. அந்த வேலையை இசப்கோல் உமி ஓரளவு செய்யும். அரிசி மாவும் மரவள்ளிக் கிழங்கு மாவுமாக 300 கிராமுக்கு 20 கிராம் உமி சேர்த்து, ஈஸ்டும் உப்பும் இட்டு, கோதுமை மாவுக்கு ஊற்றுவதைவிடக் கூடுதலாக நீர் விட வேண்டும். சுட்டபின் முழுதும் ஆறிய பிறகே வெட்ட வேண்டும். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நோய் இல்லாதோர் பிறரைப் பார்த்துக் கோதுமையை நஞ்சென்று ஒதுக்குவது சரியன்று. அல்லாஹ் ஆகுமாக்கியதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஐயம் இருப்பின் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் பிடிபடாமல் போகலாம்.

என் வேண்டுகோள் ஒன்றே. நோயுள்ள பிள்ளைக்குத் தனித்தட்டு வைத்து மூலையில் அமர்த்தாதீர்கள். இஃப்தாரிலும் வலீமாவிலும் கோதுமை கலவாத ஓர் உணவையேனும், தனிப் பாத்திரத்தில் சமைத்து, எல்லோருக்குமாகப் பரிமாறுங்கள். அனைவரும் பத்திரி உண்ணும் சபையில் எந்தப் பிள்ளையும் வேறுபட்டுத் தெரியாது.

நம் விருந்துகள் எவருக்கும் தீங்கு தராதவையாக அமைய அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.