தொகுதி மறுசீரமைப்பில் குனோங் ராபாட் வாக்காளர்களுக்குச் சம மதிப்பு கோரும் மனு

பெறுநர்:
தலைவர், மலேசியத் தேர்தல் ஆணையம், புத்ராஜெயா.
வழி: பேராக் மாநிலத் தேர்தல் இயக்குநர், ஈப்போ.

மதிப்பிற்குரிய ஐயா,

குனோங் ராபாட் வட்டாரக் குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பில் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பல, ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தவை. வேலையும் வீடும் போன பின் அவர்கள் கையில் மிஞ்சியது வாக்குரிமை. நகருக்கு வந்ததும் அந்த வாக்கின் மதிப்பும் குறைந்துவிட்டது.

குனோங் ராபாட் அடங்கிய கோப்பெங் நாடாளுமன்றத் தொகுதியில், 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலின்போது வாக்காளர் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதே பேராக்கில் லெங்கோங், பாடாங் ரெங்காஸ் தொகுதிகளில் அது 50,000-ஐ எட்டவில்லை. எங்கும் உறுப்பினர் ஒருவரே. அந்தத் தேர்தல் 2018 மார்ச்சில் மக்களவை ஏற்ற எல்லைகளின்படி நடந்தது. 2021 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் அந்த எல்லைகள் வகுக்கப்பட்ட பிறகு வந்தவை.

ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 13-ஆவது அட்டவணை. சென்றடையச் சிரமமான உட்புறப் பகுதிகளில் அது குறைவாக இருக்கச் சலுகையும் தருகிறது. இந்த வேறுபாட்டுக்கு 1957-இல் இருந்த 15 விழுக்காட்டு வரம்பு 1962-இல் தளர்த்தப்பட்டு, 1973-இல் அடியோடு நீக்கப்பட்டது. மண்சாலையின் சிரமம் தோட்டத்தில் பிறந்த எங்களுக்குத் தெரியாததல்ல. சலுகை தொடரட்டும், அதற்கு ஓர் எல்லை வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. அடுத்த மறுசீரமைப்பில் மாநில சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆணையம் காரணத்தை எழுத்துபூர்வமாக வெளியிட வேண்டும்.

2. எங்கள் குப்பையும் கால்வாயும் ஈப்போ மாநகர் மன்றத்தின் பொறுப்பு. கோப்பெங் நகரமோ கம்பார் மாவட்ட மன்றத்தின் கீழ் உள்ளது. எல்லை வகுக்கும்போது இந்த நிர்வாகப் பிரிவுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

3. கோப்பெங்கில் அடங்கிய சுங்கை ராபாட், சிம்பாங் பூலாய் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையை மாற்ற நேர்ந்தால், ஒரே தாமானை இரண்டாக வெட்டக் கூடாது.

4. வரைவு வரைபடத்தைத் தமிழ் விளக்கத்துடன் குனோங் ராபாட்டிலேயே பார்வைக்கு வைக்க வேண்டும். 100 வாக்காளர்கள் ஆட்சேபித்தால் நடத்த வேண்டிய உள்ளூர் விசாரணையில் மூத்தோர் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

5. அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரியையே வைத்திருப்போர் இன்னும் உள்ளனர். வாக்களிக்க அவர்கள் பழைய ஊருக்கே போக வேண்டியுள்ளது. தேசியப் பதிவிலாகாவுடன் இணைந்து, முகவரி மாற்றத்துக்கான நடமாடும் சேவையை எங்கள் வட்டாரக் கோயில், தமிழ்ப்பள்ளி வளாகங்களில் நடத்த வேண்டும்.

தொகுதிகளைக் கூட்டும்படி நாங்கள் கேட்கவில்லை. பேராக்கின் 24 நாடாளுமன்ற, 59 சட்டமன்றத் தொகுதிகளுக்குள்ளேயே எல்லைகளை நியாயமாக வகுக்க முடியும். வரைவு வெளியாகும் மாதத்திலேயே வாக்காளர்களின் கையொப்பத்துடன் எங்கள் கருத்தை முறைப்படி தாக்கல் செய்வோம். அதற்கு முன்பே எங்களை நேரில் அழைத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயலவையினர்

நகல்: பேராக் மந்திரி புசார், வட்டார நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள்.