பிள்ளையைத் திட்டுமுன் கோப்பின் பெயரைப் பாருங்கள்



கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவர்கள் சிலர் மேல் எனக்குக் கோபம். உங்களில் சிலரும் அந்த வேலையில்தான் இருக்கிறீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ படிக்கிற என் தங்கை பேத்தி, குலுக்கல் எண் எடுக்க பைத்தானில் நான்கு வரி எழுதி, ‘ரேண்டம்’ என்ற பெயரில் சேமித்தாள். ஓட்டினால் பிழை. பயிற்சி மையத்தில், “உனக்கு லாஜிக் வராதும்மா, வேற குரூப் எடுத்திருக்கலாம்” என்றார்களாம். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

லாஜிக்கில் ஒரு குறையும் இல்லை. ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்யச் சொன்னால், பைத்தான் முதலில் நம் நிரல் இருக்கிற ஃபோல்டரில் தேடும். மொழியோடு வரும் நூலகம் அப்புறம்தான். இவள் கோப்பும் ரேண்டம், கேட்டதும் ரேண்டம். தன்னையே கூப்பிட்டுத் தன்னிடமே எண் கேட்டிருக்கிறது! கோப்புக்கு ‘குலுக்கல்’ என்று பெயர் மாற்றினோம், ஓடிவிட்டது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13, இந்த இடத்தில் ‘கோப்பின் பெயரை மாற்றிப் பார்’ என்று தானே சொல்கிறது. மெஷினுக்கு வந்த பொறுமை வாத்தியாருக்கு வரவில்லை.

நாமே உண்டாக்கும் கிளாஸில் (தமிழ்வழிப் புத்தகத்தில் ‘இனக்குழு’) ஆபத்து இன்னும் அதிகம். நாட்டுப்படகு என்ற கோப்பில் ‘படகு’ என்று ஒரு கிளாஸ், விசைப்படகு என்ற கோப்பிலும் ‘படகு’ என்று ஒரு கிளாஸ் என்று வையுங்கள். இரண்டிலிருந்தும் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இம்போர்ட் செய்தால், பின்னால் வந்த படகு முன்னால் வந்ததை மூழ்கடித்துவிடும். பிழைச் செய்தியும் வராது. துடுப்புப் போடுகிறவர் கணக்கில் டீசல் செலவு ஏறும். நம் கோட்டைப்பட்டினம் துறையில் ஒரே பெயரில் நாலு படகு நின்றாலும் குழப்பம் உண்டா? பதிவெண்ணில் நாடு, மாநிலம், மாவட்டக் குறி எல்லாம் இருக்கிறது. அதே மாதிரி மாட்யூல் பெயர், ஒரு புள்ளி, பிறகு கிளாஸ் பெயர் என்று முழுசாக எழுதப் பழக்குங்களேன். நட்சத்திரக் குறி சோம்பேறிகளுக்கு.

பைத்தான்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. கிளாஸ் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று 2001இல் ‘பெப் 8’ எழுதினார்கள். 2003இல் வந்த 2.3 பதிப்பிலோ, ‘டேட்டைம்’ மாட்யூலுக்குள் ‘டேட்டைம்’ என்றே ஒரு கிளாஸ், இரண்டும் சின்ன எழுத்தில்! எது எதுவென்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

“பரீட்சையில் காகிதத்தில்தானே எழுதுகிறார்கள், கோப்புப் பெயர் எங்கே வருகிறது?” என்பீர்கள். பிளஸ் டூ புத்தகம் சி++ நிரலைப் பைத்தானுக்குள் கொண்டுவர ஒரு பாடமே ஒதுக்கியிருக்கிறது. அதை நடத்துகிறவருக்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் இல்லையா?

ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். ஒரே வகுப்பில் மூன்று பேருக்கு ஒரே பெயர் இருந்தபோது, இனிஷியல் சேர்த்துக் கூப்பிட்டு வருகை எடுத்தவன் நான். உங்களில் அந்த மூன்று பேரும் இதைப் படிப்பீர்கள்.

சொல்லிக் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை ஒரு பிள்ளை பிழையோடு வந்து நின்றால், வாயைத் திறப்பதற்கு முன்னால் அதன் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.