ஈஐஆர் 21 ஓட வேண்டுமா, வேண்டாமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பேத்தி ஒரு பழைய வீடியோவைப் போட்டாள். ஈஐஆர் 21 என்ற நீராவி எஞ்சின் ஒரே ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் போகிற காட்சி. கீழே என் தம்பி மகன் எழுதியிருந்தான்: "பெரியப்பா, இதுக்குச் செலவு பண்ற காசுல ரெண்டு அன்ரிசர்வ்டு பெட்டி சேர்த்து விடலாம். இதெல்லாம் மியூசியத்துல வைக்க வேண்டிய சாமான்." அதற்குப் பன்னிரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். நானும் பதில் எழுத ஆரம்பித்து மூன்று முறை அழித்தேன். அவன் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு என்பதுதான் சிக்கல். அதனால் இங்கே ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் என்ற கம்பெனி 1855இல் கட்டியது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காகக் கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்தது. நம் பக்கத்தில் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது 1856 ஜூலை 1 அன்று. ஆகவே தென்னிந்தியாவின் முதல் ரயிலைவிட இந்த எஞ்சினுக்கு வயது அதிகம். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரே ஜோடி பெரிய சக்கரம். அதுதான் வண்டியை இழுக்கும். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி சின்னச் சக்கரங்கள், பாரம் தாங்க மட்டும். இதனுடன் பிறந்த 22ஆம் எண் எஞ்சினை 'ஃபேரி குயீன்' என்ற பெயரில் பலருக்கும் தெரியும். இரண்டுக்கும் 1909இல் ஓய்வு கொடுத்தார்கள்.

அக்காவும் தங்கையும் மறுபடி ஓடியதற்குக் காரணம் நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். (பக்கத்தில் உள்ள ஐசிஎஃப் வேறு, இது வேறு. என் மாணவர்களில் பாதிப் பேர் இரண்டையும் குழப்புவீர்கள், எனக்குத் தெரியும்.) ஃபேரி குயீனைச் சீர்செய்து கொடுத்தார்கள், 1997இல் டில்லியிலிருந்து ஆல்வாருக்குச் சுற்றுலா வண்டியாக ஓடியது. ஒழுங்காக ஓடுகிற எஞ்சின்களில் உலகிலேயே பழையது என்று மறு வருடம் கின்னஸில் எழுதினார்கள். பிறகு 21ஐ எடுத்தார்கள். ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு ஆண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றிருந்த இரும்பு அது. 2010இல் அதுவும் பெரம்பூரிலிருந்து புகைவிட்டுக்கொண்டு வெளியே வந்தது. 2011இல் ஃபேரி குயீனின் பாகங்களை யாரோ திருடிக்கொண்டு போக, அது மறுபடியும் வந்து சேர்ந்ததும் பெரம்பூருக்குத்தான்.

என் பேத்தியோடு நான் 21ஐப் பார்த்தது சேத்துப்பட்டு பிளாட்ஃபாரத்தில். அவளுக்கு அப்போது நாலு வயது. எஞ்சின் கடக்கும்போது கன்னங்கரேலென்று ஒரு புகை எழுந்தது. ஜனங்கள் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள், எல்லார் கையிலும் போன். எனக்கோ என் அப்பாவின் குரல்தான் காதில் கேட்டது: "கரும்புகை வருதுன்னா கரி வீணாப் போவுதுடா."

உங்களில் பலருக்கு இது தெரியாது. நானும் சொன்னதில்லை. என் அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். கிளீனராகச் சேர்ந்து, எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிரீஸ் துடைத்து, பிறகு ஃபயர்மேன் ஆனவர். தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்சார வண்டி வந்த பிறகும், விழுப்புரத்துக்குத் தெற்கே வெகுகாலம் மீட்டர்கேஜ் கரி எஞ்சின்தான். அவர் கரி அள்ளிப் போட்ட வண்டிகளில் எத்தனையோ கல்யாணக் கூட்டங்களும் வேலை தேடிப் போனவர்களும் போயிருப்பார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து 1981இல் ஒன்றியப் பள்ளியில் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்பில் உங்களுக்கு நீராவியைப் பற்றி என்ன சொல்லிக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? ஜேம்ஸ் வாட், கெட்டில், மூடி ஆடியது. முப்பது வருடம் அதையே சொன்னேன். அது கட்டுக்கதை என்பதும், வாட்டுக்கு முன்பே 1712இல் நியூகோமன் நீராவி எஞ்சின் செய்துவிட்டார் என்பதும், வாட் அதைத் திருத்தியவர் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அது போகட்டும். பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் இருபது நிமிட தூரத்தில், திண்ணையில், இருபத்தைந்து வருடம் நீராவியோடு வாழ்ந்த மனிதர் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாளாவது அவரை வகுப்புக்கு அழைத்து வந்து, "பிள்ளைகளுக்குச் சொல்லுங்கப்பா" என்று நிற்க வைத்ததில்லை.

ஏன் என்று இந்த வயதில் ஒளிக்காமல் சொல்கிறேன். வெட்கம். அவர் விரல் நகங்களில் கரி எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பனியனில் நெருப்புப்பொறி பட்ட ஓட்டைகள். "உன் சட்டை வெள்ளையா இருக்கணும்" என்று சொல்லித்தான் என்னைப் படிக்க வைத்தார். நான் சட்டையை வெள்ளையாகவே வைத்துக்கொண்டேன்.

அவர் எப்போதாவது உற்சாகத்தில் சொன்ன துண்டு துணுக்குகள்தான் எனக்கு மிச்சம். கரியை நடுவில் கொட்டக் கூடாது. மூலைகளிலும் ஓரங்களிலும் மெல்லிசாகத் தூவ வேண்டும், வண்டி ஆடுகிற ஆட்டத்தில் நடுவுக்கு அதுவாக வந்துவிடும். ஏற்றம் வருவதற்கு முன்பே நெருப்பைத் தயார் செய்ய வேண்டும். ஏற்றத்தில் ஏறிக்கொண்டே கரி போடுகிறவன் கற்றுக்குட்டி. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை விட்டுக் கண் எடுக்கக் கூடாது. நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். வற்றினால் அந்தத் தகடு பழுக்கக் காய்ந்து, பாய்லரே வெடிக்கும். அதற்காகக் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு வைத்திருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியாக நீராவி பீறிட்டு எச்சரிக்கும், நெருப்பையும் அடக்கும். "ஈயம் உருக விட்டவன் வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்" என்பார்.

பாய்லரைச் சோதிப்பதை நீராவி வைத்துச் செய்ய மாட்டார்கள், குளிர்ந்த தண்ணீரை ஏற்றி அழுத்திச் செய்வார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். காரணம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீர் அநேகமாகச் சுருங்காது, அதனால் தகடு விட்டாலும் பீய்ச்சி ஒழுகுவதோடு சரி. அழுத்தத்தில் இருக்கும் நீராவி அப்படியல்ல, தகடு விட்ட கணத்தில் பல மடங்கு விரிந்து வெடிக்கும். ஐந்தாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

தம்பி மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீராவிக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லப் போவதில்லை. முன்னால் அடுப்பு, பின்னால் மழையும் பனிக்காற்றும். கடைசி வருடங்களில் அப்பாவுக்கு இரவெல்லாம் இருமல், வலது தோளைத் தூக்க முடியாது. எஞ்சின் ஓட்டுகிறவர்கள் 1973இல் போராடியதே பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்று கேட்டுத்தான். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தம் இருபது நாள் நடந்தது. அந்த இருபது நாளும் அப்பா வீட்டில் இருந்தார், மளிகைக்கடைக்காரர் புண்ணியத்தில் கடனுக்கு அரிசி வந்தது. டீசல் எஞ்சின் வந்தபோது அவர் அழவில்லை. "உக்காந்துகிட்டே ஓட்டலாமாம்டா" என்று ஆச்சரியப்பட்டார்.

பழைய எஞ்சின் ஓடுவதைப் பார்த்து, 'ஆஹா அந்தக் காலம்' என்று கண் கசிகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. அது ஓட வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம் வேறு. பீடத்தில் பெயின்ட் அடித்து நிறுத்தினால் லீட்ஸ் கம்பெனியின் பெயர்ப்பலகையைத்தான் காண்போம். அதே எஞ்சின் ஓட வேண்டுமென்றால் முந்தின நாளே ஒருவர் நெருப்பு மூட்டி, தகடுகள் சீராகச் சூடாகும்படி மெல்ல மெல்ல நீராவி ஏற்ற வேண்டும். ஒருவர் பாய்லரைக் கழுவி உப்புப் படிவத்தை எடுத்திருக்க வேண்டும். ஒருவர் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் சூடாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இவையெல்லாம் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குக் கை பழகி வருகிற வித்தை. என் அப்பா அதை யாருக்கும் கொடுக்காமலே போனார், அதில் என் பங்கும் உண்டு.

கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தையே பாருங்கள். அங்கே பொதுமக்கள் பணம் போட்டு 'டொர்னாடோ' என்று ஒரு புது நீராவி எஞ்சின் கட்டி 2008இல் முடித்தார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அதற்கு பாய்லர் எங்கே செய்தார்கள் தெரியுமா? ஜெர்மனியில், மைனிங்கன் என்ற ஊரில். உலகத்துக்கே ரயில் எஞ்சின் செய்து அனுப்பிய நாடு, ஒரு பாய்லருக்காக அடுத்த நாட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. நமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. பெரம்பூர் இருக்கிறது. திருச்சி பொன்மலைப் பணிமனை, ஊட்டி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டிலேயே புது நீராவி எஞ்சின்கள் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆனால் நீராவி ஓடிய காலத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் என் வயதைத் தாண்டியவர்கள்.

காசு விஷயத்தில் நான் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினா, அன்ரிசர்வ்டு பெட்டியா, ஒன்றுதான் உண்டு என்று யாராவது என்னைக் கேட்டால் பெட்டியைத்தான் கேட்பேன். நானும் விழுப்புரம் பாசஞ்சரில் கதவோரம் நின்று போகிறவன்தான். ஆனால் ஓட்டுவதென்று முடிவு செய்தால் ஒழுங்காக ஓட்டட்டும். கொடியசைப்பு, மாலை, போட்டோ, அரை மணி நேரம், பிறகு எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றால், என் தம்பி மகன் சொல்வதுதான் சரி, மியூசியத்திலேயே இருக்கட்டும். வருடத்துக்கு எட்டு நாளோ பத்து நாளோ, தேதியை முன்கூட்டியே அறிவித்து, சாதாரண கவுன்டரில் டிக்கெட் கிடைக்க வேண்டும். வசதி உள்ளவர்களிடம் நல்ல கட்டணமே வாங்கட்டும், அந்தப் பணம் எஞ்சினுக்கே போகட்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கால்வாசி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஐடிஐ முடித்த பிள்ளைகளில் நாலு பேரையாவது எடுத்து, ஓய்வுபெற்ற பாய்லர்காரர்கள், ஃபிட்டர்கள் கையில் ஒப்படைத்து இரண்டு வருடம் கூடவே வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கரி எரிப்பது சுற்றுச்சூழலுக்குக் கேடுதானே என்று ஒரு மாணவி கேட்பாள், யாரென்று அவளுக்கே தெரியும். வருடத்துக்குப் பத்து நாள் ஓடுகிற ஒரு சின்ன எஞ்சின் அம்மா, அதை விட்டுவிடு.

சேத்துப்பட்டில் வண்டி போன பிறகு பேத்தி என்னைக் கேட்டாள்: "தாத்தா, உள்ள கறுப்பா ஒருத்தர் நின்னாரே, அவரு யாரு?" அத்தனை பேர் படம் எடுத்த இடத்தில், ஆளைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். "அவர் ஃபயர்மேன். உன் கொள்ளுத்தாத்தா செஞ்ச வேலை" என்றேன். வீட்டில் நான் அந்த வார்த்தையைப் பெருமையாகச் சொன்னது அன்றுதான் முதல் தடவை என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம், திருச்சி, பெரம்பூர், பொன்மலை என்று எங்கேயாவது கரி எஞ்சினில் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு மாலை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். எப்படி நெருப்பு மூட்டினீர்கள், சம்பளம் எவ்வளவு, எந்த ஏற்றத்தில் திணறினீர்கள், என்ன கேட்டாலும் சரி. என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்விகள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன.

தம்பி மகனுக்கு: ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உன் தாத்தாவின் கைவிளக்கும் சாப்பாட்டு அடுக்கும் பரணில் கிடக்கின்றன, எனக்கு ஏணி ஏற முடியவில்லை. இறக்கிக் கொடுத்துவிட்டு மீதிச் சண்டையை நேரிலேயே போடலாம்.