காந்தம் ஒட்டாததெல்லாம் வெள்ளியல்ல

மடுல்கெல்லையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், அப்பாயி காலத்து டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காசு வெளியே வந்தால் உடனே மூன்று சோதனை நடக்கும். வெள்ளையாக இருக்கிறதா, காந்தம் ஒட்டாமல் இருக்கிறதா, சிமெந்துத் தரையில் போட்டால் கணீர் என்கிறதா? மூன்றிலும் தேறினால் வெள்ளி, தவறினால் வெறுங்காசு என்று தீர்ப்பாகிவிடும். இந்தத் தீர்ப்பு தவறானது. ஏழை வீடுகளுக்கு இதனால் நட்டமும் உண்டு.

காந்தத்தைத்தான் பலரும் பெரிதாக நம்புகிறார்கள். காந்தம் ஒட்டினால் அந்தக் காசு வெள்ளியல்ல என்பது சரி. 1947இல் அச்சான இந்திய நிக்கல் ரூபாய் ஒட்டும், இப்போதைய இரும்புக் காசுகளும் ஒட்டும். ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று திருப்பிச் சொல்ல முடியாது. 1963இல் வந்த இலங்கையின் 25 சதம், 50 சதம், ஒரு ரூபாய் காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை. வெள்ளையாக இருக்கும், காந்தம் ஒட்டாது, வெள்ளி துளியும் கிடையாது. 1909இல் தொடங்கிய சதுர ஐந்து சதமும் அதே கலவைதான்.

பழசானால் வெள்ளி என்பதும் நிற்காது. 1957இல் புத்த ஜயந்திக்காக இரண்டு காசுகள் வெளிவந்தன. ஐந்து ரூபாய்க் காசு ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. ஒரு ரூபாய்க் காசு செம்பு நிக்கல். ஒரே ஆண்டு, ஒரே விழா, இரண்டும் வெள்ளை.

சத்தமும் ஏமாற்றும். தோட்டத்துப் பெண்கள் ரூபாய்க் காசில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டார்கள். அப்படிப் பற்றவைத்த காசு நல்ல வெள்ளியானாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். அதைக் கேட்டுவிட்டு "பித்தளைதான்" என்று விலையைக் குறைப்பவரை நம்பக் கூடாது.

எதைத்தான் பார்ப்பது? முதலில் ஆண்டு. கோப்பிக் காலத்திலிருந்தே இந்த மலைகளில் புழங்கிய இந்திய ரூபாய் 11.66 கிராம். 1939 வரை அச்சானவற்றில் ஏறத்தாழ 92 வீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிகிறது என்று இவற்றைத் தூக்கி எறிவது பெரிய தவறு. 5.83 கிராம் எடையுள்ள இலங்கையின் 50 சதத்தில் 1917 வரை 80 வீதம் வெள்ளி. 1919இலிருந்து 55 வீதமாகக் குறைத்தார்கள். 1943இல் வந்த 25, 50 சதங்கள் மஞ்சள் உலோகம்.

அடுத்தது அடர்த்தி. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல், தண்ணீரில் முழுதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 1939 வரை அச்சான ரூபாய்க்கு 10.3 அளவில் வரும். பாதி வெள்ளிக் காசுக்கு 9.5, செம்பு நிக்கலுக்கு 8.9. பத்து சதம் போன்ற சிறு காசில் இந்த வேறுபாடு தராசின் பிழைக்குள் மறைந்துவிடும். அதற்கு ஆண்டையும் எடையையும் சேர்த்துப் பார்ப்பதே வழி. வளையம் பற்றவைத்த காசிலும் கணக்குச் சற்று விலகும்.

விளிம்பை அராவிப் பார்க்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய காசைச் சேகரிப்பவர்கள் தேய்த்த காசுக்குக் குறைவாகவே கொடுப்பார்கள். வத்தேகமவிலோ கண்டியிலோ விற்கப் போனால், ஆண்டையும் எடையையும் வீட்டிலேயே தாளில் குறித்துக்கொண்டு போங்கள். காசு ஒன்றுக்கு என்ன விலை என்று கேட்காமல், அதிலுள்ள வெள்ளி கிராமுக்கு என்ன விலை என்று கேளுங்கள்.