கறுத்த வாழைப்பழத்தைத் தூக்கிப் போடாதீங்க... காலை ஸ்மூத்திக்கு அதுதான் முதலீடு!

காலை ஏழு மணி. பிளஸ் ஒன் படிக்கும் மகள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள். தட்டில் வைத்த மூன்று இட்லியில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஒரு இட்லியாவது சாப்பிட்டுட்டுப் போடி."

"வேணாம்மா, காலைல ஒண்ணுமே இறங்க மாட்டேங்குது. பஸ் வந்துடும்."

பல வீடுகளில் தினமும் நடக்கும் உரையாடல்தான் இது. அந்த வீட்டில் போன மாதம் அது வேறு மாதிரி முடிந்தது. காலை பிரேயரில் நின்றுகொண்டிருந்த மகளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. பள்ளியிலிருந்து போன். அம்மா அரை நாள் லீவு போட்டு ஓடினார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்ட?" என்பதுதான்.

முந்தைய நாள் இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு, மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால் இடையில் 16 மணி நேரம். வளரும் பிள்ளைக்கு அது நீண்ட பட்டினி. காலை உணவு இல்லாமல் பாடம் மண்டையில் ஏறாது என்பதால்தான் தமிழக அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு அது கிடைக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் வேலைக்கு ஓடும் அம்மாக்களுக்கும் வீட்டு அடுக்களைதான் கதி.

மெல்ல நேரமில்லை, மென்றால் இறங்கவில்லை என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி, கெட்டியான பழ ஸ்மூத்தி. ஐந்து நிமிடம் போதும், அடுப்பே வேண்டாம். ஆனால் பழத்தையும் பாலையும் மிக்ஸியில் போட்டு அடித்தால் மட்டும் அது காலை உணவு ஆகிவிடாது. அதற்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூஸ் வேறு, மில்க் ஷேக் வேறு, ஸ்மூத்தி வேறு

பழத்தைப் பிழிந்து வடிகட்டினால் ஜூஸ். அதில் நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு குப்பைக்குப் போய்விடும். பால், சர்க்கரை, ஐஸ்கிரீம் சேர்த்து அடித்தால் மில்க் ஷேக். முழுப் பழத்தையும் வடிகட்டாமல், தயிரோ பாலோ சேர்த்து, வழவழவென்று கெட்டியாக அரைத்தால் ஸ்மூத்தி. பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் பழத்தைக் குழைத்து வழவழப்பாக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தம் வாழைப்பழத்தை நம்பித்தானே இருக்கிறது?

வழவழப்பின் ரகசியம்

ஐஸ்கட்டி போட்டால் ஸ்மூத்தி கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐஸ் உருகியதும் அது தண்ணீராகிவிடும், ருசியும் நீர்த்துப்போகும். உறைய வைத்த வாழைப்பழம்தான் சரியான வழி. வாழைப்பழத்தில் பெக்டின் என்ற கூழ்மச் சத்து உண்டு. உறைந்த பழத்தை அரைக்கும்போது மிக நுண்ணிய பனித்துகள்கள் அந்தக் கூழோடு கலந்து, ஐஸ்கிரீம் போன்ற பதம் வருகிறது. க்ரீம் ஒரு சொட்டுக்கூடத் தேவையில்லை.

தோலில் கரும்புள்ளி விழுந்த பழம் இதற்கு மிகப் பொருத்தம். பழம் கனியக் கனிய அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதனால் தனியாக இனிப்பு சேர்க்க வேண்டியதில்லை. "கறுத்துப் போச்சு" என்று யாரும் தொடாத அந்த இரண்டு பழம்தான் நாளைக் காலைக்கான முதலீடு. ஆனால் பூஞ்சை பிடித்ததையும், புளித்த வாடை வருவதையும் தயங்காமல் ஒதுக்கிவிடவும்.

எந்த வாழைப்பழம்? பச்சைப்பழம் எனப்படும் மோரிஸ் ரகம் மென்மையாக அரையும். செவ்வாழை நன்றாகக் குழைந்து கெட்டியாக வரும். கற்பூரவல்லிக்கு இனிப்பு அதிகம் என்பதால் பேரீச்சைகூட வேண்டாம். பூவனில் லேசான புளிப்பு இருப்பதால் பாலைவிடத் தயிரோடு நன்றாகச் சேரும். நேந்திரத்தில் மாவுத்தன்மை கூடுதல், நன்றாகப் பழுத்திருந்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

உறைய வைக்கும்போது தோலை உரித்துவிட்டு வைக்கவும். தோலோடு வைத்தால் மறுநாள் உரிப்பதற்குள் பஸ் போய்விடும். ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, பிறகு மூடியுள்ள டப்பாவில் சேர்த்துவிடலாம். நீண்ட மின்வெட்டில் பழம் இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் அன்றே பயன்படுத்திவிடவும்.

அடிப்படை ஸ்மூத்தி (ஒருவருக்கு)

தேவையானவை: உறைந்த வாழைப்பழத் துண்டுகள் – நடுத்தரப் பழம் ஒன்றின் அளவு, கெட்டித் தயிர் – 100 மி.லி., காய்ச்சி ஆறவைத்த குளிர்ந்த பால் – 100 மி.லி., அவல் – 1 டேபிள்ஸ்பூன், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை – 1 டேபிள்ஸ்பூன், ஏலக்காய்த்தூள் – 1 சிட்டிகை, விதை நீக்கிய பேரீச்சை – 1 (விருப்பப்பட்டால்).

செய்முறை: அவலைக் கழுவி, அந்தப் பாலிலேயே பத்து நிமிடம் ஊறவைக்கவும். பல் துலக்கப் போகும்போது ஊறப் போட்டால் திரும்பி வருவதற்குள் தயாராகிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த வாழைப்பழத்தை ஐந்து நிமிடம் வெளியே வைக்கவும். கல் மாதிரி இருக்கும்போதே போட்டால் மிக்ஸி பிளேடுக்கு நல்லதல்ல. முதலில் வேர்க்கடலையையும் பேரீச்சையையும் இரண்டு ஸ்பூன் பால் விட்டு மைய அரைக்கவும். அடுத்து வாழைப்பழம், ஊறிய அவல், தயிர் சேர்த்து விட்டு விட்டு ஓட்டவும். கட்டி உடைந்ததும் மீதிப் பாலை ஊற்றி, அரை நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் போதும். எல்லாப் பாலையும் ஆரம்பத்திலேயே ஊற்றினால் வேர்க்கடலை துகள் துகளாக நின்றுவிடும், பாலும் மூடி வழியே வழியும்.

இந்த ஒரு டம்ளரில் சுமார் 10 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். வேர்க்கடலையும் தயிரும் அவலும் சேர்வதால்தான் இது காலை உணவாகிறது. வெறும் பழத்தையும் தண்ணீரையும் அடித்துக் குடித்தால் பத்து மணிக்கே வயிறு கூப்பிடும்.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் பொட்டுக்கடலை அல்லது ஊறவைத்த பாதாம் சேர்க்கலாம். ஆனால் அதற்கும் ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும். அவலுக்குப் பதில் ஓட்ஸும் பயன்படுத்தலாம். கேழ்வரகு மாவைப் பச்சையாகச் சேர்க்கக் கூடாது. கூழாகக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்க்கவும்.

எதோடு எது சேரும்?

முதல் முறை செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

*பப்பாளி, அன்னாசி, கிவி:* இவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. பால் அல்லது தயிரோடு அடித்து வைத்தால், நேரம் ஆக ஆகக் கசக்க ஆரம்பிக்கும். "பால் கெட்டுப்போச்சோ?" என்று பால்காரரைத் திட்ட வேண்டாம். அடித்தவுடன் குடித்துவிட்டால் பிரச்னை இல்லை. அன்னாசித் துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும்.

*ஆரஞ்சு, சாத்துக்குடி:* இவற்றின் புளிப்பு பாலைத் திரித்துவிடும். தயிர் ஏற்கெனவே உறைந்தது என்பதால் அதோடு சேர்க்கலாம்.

*சப்போட்டா:* தோலையும் விதையையும் எண்ணி எடுக்கவும். ஒரு விதை தப்பினாலும் பிளேடும் போகும், ஸ்மூத்தியும் கசக்கும்.

*கொய்யா:* விதையோடு அரைத்தால் மண் மாதிரி நறநறக்கும். கொய்யாவை மட்டும் கொஞ்சம் பால் விட்டு லேசாக அடித்து, விதையை வடித்துவிட்டு மற்றதைச் சேர்க்கவும். வடிகட்டல் தேவைப்படும் ஒரே இடம் இதுதான்.

*மாம்பழம்:* பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் போன்ற நார் குறைந்த ரகங்கள் நல்லது. சீசனில் விலை இறங்கும்போது துண்டுகளாக்கி உறைய வைத்துக்கொள்ளலாம்.

*வெண்ணெய்ப்பழம்:* கொடைக்கானல் கீழ்மலைப் பகுதிகளில் விளையும் இந்த அவகாடோவில் சர்க்கரை மிகக் குறைவு, நல்ல கொழுப்பு அதிகம். வாழைப்பழம் பிடிக்காதவர்களுக்கு வழவழப்பு தர இதுவே போதும்.

ஆப்பிள், திராட்சை, பெர்ரி வகைகளை வாழைப்பழத்தோடு அடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் டேவிஸ், இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். பெர்ரிகளில் இருக்கும் ஃபிளவனால் என்ற இதயத்துக்கு நல்ல சத்து, வாழைப்பழம் சேர்த்த ஸ்மூத்தியைக் குடித்தவர்களின் உடலில் 84 சதவீதம் குறைவாகவே சேர்ந்திருந்தது. வெட்டி வைத்த வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் அதே நொதிதான் காரணம். இதனால் வாழைப்பழம் கெட்டது என்று அர்த்தமில்லை. பெர்ரிக்காகவே ஸ்மூத்தி குடிப்பவர்கள் மாம்பழம், தயிரோடு அவற்றைச் சேர்த்தால் முழுப் பலன்.

சர்க்கரை டப்பாவை மூடி வையுங்கள்

தேன், நாட்டுச்சர்க்கரை, வெல்லம் எல்லாம் "நல்ல சர்க்கரை" என்று தாராளமாக ஊற்றுபவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், தேனையும் பழச்சாறையும்கூட வெளிச் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருப்பது நல்லது என்கிறது. காலை ஸ்மூத்தியிலேயே இரண்டு ஸ்பூன் தேன் போனால், காபிக்கு என்ன மிச்சம்? ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மென்று தின்னப் பத்து நிமிடம் ஆகும் பழம், ஸ்மூத்தியாக இரண்டே நிமிடத்தில் இறங்கிவிடும். அளவு தெரியாமல் இரண்டு மூன்று பழம் உள்ளே போகும். அவர்களுக்கு முழுப் பழத்தை மென்று சாப்பிடுவதே மேல். ஆசைக்கு என்றால் வெண்ணெய்ப்பழம், தயிர், பாதாம் சேர்த்து இனிப்பில்லாமல் அரை டம்ளர், அதுவும் டாக்டரைக் கேட்டுவிட்டு. சிறுநீரகப் பிரச்னையால் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு வாழைப்பழ ஸ்மூத்தி ஆகாது.

சின்னக் குழந்தைகளுக்கும் தினமும் இதையே கொடுத்துப் பழக்க வேண்டாம். மென்று சாப்பிடும் பழக்கம் அவர்களுக்கு முக்கியம். அவசர நாட்களுக்கு ஸ்மூத்தி, மற்ற நாட்களுக்கு இட்லி, தோசை, பொங்கல் என்று மாறி மாறி இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

காலையில் நேரம் மிச்சமாக வேண்டும் என்றால் ஞாயிறு மாலையே வேலையை முடித்துவிடலாம். ஆறு சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கான பழத் துண்டுகள், வேர்க்கடலை, பேரீச்சை. எல்லாம் ஃப்ரீசருக்குள். காலையில் அவலை ஊறப் போட்டு, டப்பாவை எடுத்து, அரைத்து, தயிரும் பாலும் சேர்த்தால் முடிந்தது. அரைத்த ஸ்மூத்தியை வெளியே வைத்து மதியம் குடிக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் பால் சேர்ந்த எதுவும் நீண்ட நேரம் தாங்காது. குடித்து முடித்ததும் ஜாரில் தண்ணீர் விட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டால், காய்ந்த அவலைச் சுரண்டும் வேலை மிச்சம்.

அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறது? முதல் வாரம் அம்மாதான் அரைத்தார். இரண்டாவது வாரம் மகளே மிக்ஸியை எடுத்துக்கொண்டாள். வேர்க்கடலையை மறந்த அன்று பதினோரு மணிக்கே பசித்தது என்று வந்து சொன்னாள். அதற்குப் பிறகு மறக்கவில்லை.

சுகர் மாத்திரை போடும் பாட்டி எட்டிப் பார்த்து, "எனக்கும் ஒரு வாய் குடேன்" என்றார். பேத்தி டம்ளரை நகர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு கொய்யாவை நான்காக நறுக்கி நீட்டினாள்.

"உனக்கு இதுதான் பாட்டி. நல்லா மென்னு சாப்பிடு."

காலையில் ஒண்ணும் இறங்காது என்றவள்தான், இப்போது அடுத்தவர் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்க்கிறாள்!