புதிய பொருள் வரட்டும். இன்றைய சிகிச்சை காத்திருக்க வேண்டாம்

உடலுக்குள் தானே வடிவம் மாறும் பொருள், செயற்கைத் தசை என்றெல்லாம் செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் வலம் வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு, “இப்போதுள்ள ஸ்டென்ட் எதற்கு? புதியது வரும்வரை பொறுத்திருக்கலாமே” என்று கேட்கும் குடும்பத்தினரைப் புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் சந்திக்கிறோம். கேள்வி இயல்பானதே. ஆயினும், ஆய்வகச் செய்தியை நம்பி இன்று தேவைப்படும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது தவறு என்பதே எங்கள் உறுதியான கருத்து.

அச்செய்திகளில் இடம்பெறும் பொருள்களுள் ஒன்று திரவப் படிக மீள்மம். ரப்பர் போன்ற வலைப்பின்னலுக்குள் கோல் வடிவ மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும். வெப்பமோ ஒளியோ பட்டால் அவ்வணி குலையும், பொருள் சுருங்கும். தூண்டுதல் நீங்கினால் பழைய நீளத்தை அடையும். தசையைப் போன்று மீண்டும் மீண்டும் சுருங்கி விரிவதே இதன் சிறப்பு. இத்தகைய பொருள் அமையக்கூடும் என்று பிரெஞ்சு இயற்பியலறிஞர் டி ஜென் 1975-இல் கருத்துரைத்தார். ஜெர்மனியில் ஃபிங்கல்மன் குழுவினர் 1981-இல் அதனை உருவாக்கினர். அதன் பின்னர் 40 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அது பெரும்பாலும் ஆய்வுநிலையிலேயே உள்ளது.

இத்தாமதத்திற்குத் தக்க காரணங்கள் உண்டு. இவ்வகைப் பொருள்களுள் பல, உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸைவிட மிகுந்த வெப்பத்திலேயே வேலை செய்கின்றன; அவ்வெப்பம் திசுக்களைச் சுட்டுவிடும். இதயமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. பத்தாண்டுகளில் அது 35 கோடியைத் தாண்டும். அத்தனை அசைவையும் முறியாமல், நச்சு கசியாமல், இரத்தம் உறையாமல் தாங்கும் என்று மெய்ப்பித்த பின்னரே ஒரு பொருளை உடலுக்குள் வைக்க இயலும்.

அதே வேளையில், வடிவத்தை நினைவில் வைத்திருக்கும் பொருள் ஒன்று ஏற்கெனவே நம் மருத்துவமனைகளில் பயன்பட்டு வருகிறது. அதுவே நிட்டினால் என்னும் நிக்கல்–டைட்டானியக் கலப்பு உலோகம். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் இது கண்டறியப்பட்டது. 1970-களில் பல் சீரமைப்புக் கம்பியாயிற்று. இதய மேலறைச் சுவரிலுள்ள துளையை அடைக்கும் நிட்டினால் வலைக் கருவிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2001-இல்தான். இந்நெடிய சோதனைக் காலமே இன்று நோயாளிகளின் பாதுகாப்பாக நிற்கிறது.

தொடைத் தமனியில் வைக்கும் நிட்டினால் ஸ்டென்ட், மெல்லிய குழாய்க்குள் ஒடுங்கிச் சென்று, உரிய இடத்தில் விடுவிக்கப்பட்டதும் தானே விரிகிறது. நடக்கும்போதும் அமரும்போதும் கால் மடங்கி நசுங்கினாலும் மீண்டும் நிமிர்கிறது. ஆனால் இதயத் தமனிகளில் வைக்கும் ஸ்டென்ட்கள் பெரும்பாலும் கோபால்ட்–குரோமியத்தால் ஆனவை. பலூன் கொண்டு விரிக்கப்படுபவை. வடிவ நினைவு இல்லாததால் அவை தரத்தில் தாழ்ந்தவை என்று எண்ண வேண்டா. இடத்திற்கேற்ற பொருளே சிறந்த பொருள்.

எல்லாச் சிகிச்சையும் உடனே செய்தாக வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. நடந்தால் மட்டும் கெண்டைக்கால் வலிப்பவர்கள், புகையை அறவே விட்டு, மருந்துகளுடன் முறையான நடைப்பயிற்சி செய்து நலம் பெற வாய்ப்புண்டு. குழந்தைகளின் இதயத்தில் உள்ள சிறு துளைகளுள் சில தாமே மூடிக்கொள்ளும். இங்கே பொறுமையும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஆனால், படுத்திருக்கும்போதும் ஓயாத கால்வலி, ஆறாத புண், கருத்த விரல் ஆகியவை இரத்த ஓட்டம் மிகக் குன்றியதன் அறிகுறிகள். அந்நிலையில் சில வாரத் தாமதமும் காலை இழக்கச் செய்யலாம். பெரிய துளையை ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் நுரையீரல் இரத்த அழுத்தம் மீளமுடியாதவாறு உயர்ந்து, பின்னர் துளையை மூடவே இயலாமற்போகலாம். வரவிருக்கும் கருவி, இழந்த காலையோ கெட்ட நுரையீரல் நாளங்களையோ மீட்டுத் தராது.

ஆகவே, “புதியது எப்போது வரும்?” என்பதைவிட, “எங்கள் நோய்க்குக் காத்திருத்தல் பாதுகாப்பானதா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடலில் வைக்கப்போவது எந்தப் பொருள், எத்தனை ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது, அதன் பின்னர் எந்த மாத்திரைகளை எவ்வளவு காலம் உட்கொள்ள வேண்டும் என்பவற்றையும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன்னரே கேட்டறியுங்கள். கவரிங் நகையோ கைக்கடிகாரப் பட்டையோ பட்டுத் தோல் தடித்ததுண்டெனில் அவசியம் கூறுங்கள். அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். சிகிச்சைக்குப் பின் தரப்படும் கருவி அட்டையைப் பத்திரப்படுத்தி, எம்.ஆர்.ஐ. எடுக்கச் செல்லும்போது தவறாது காட்டுங்கள்.

புதிய பொருள்களை நாங்களும் ஆவலோடு எதிர்நோக்குகிறோம். அவை உரிய சோதனைகளைக் கடந்து வரும் நாளில் அவற்றையும் மகிழ்ச்சியோடு பயன்படுத்துவோம். அதுவரை, மெய்ப்பிக்கப்பட்ட சிகிச்சையை உரிய காலத்தில் பெறுவதே அறிவுடைமை.