கள்ளுக்கடை போய் வேப் கடை வந்தது

மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் பள்ளிக் கழிவறையில் வேப் இழுத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். கட்டொழுங்கு ஆசிரியர் தாயை அழைத்து ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். ஏழு நாட்கள் பையன் பள்ளிக்கு வரக்கூடாது. தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அந்தத் தாய் நம்மிடம் கேட்டது இதுதான்: "ஏழு நாளும் இவன் வீட்டில் தனியாகத்தான் இருப்பான். எட்டாவது நாள் பள்ளிக்குப் போகும்போது பையில் அது மறுபடியும் இருக்கும். எப்படி விடுவது என்று யாராவது சொல்லித் தந்தார்களா?"

யாரும் சொல்லித் தரவில்லை. கடிதத்தில் தண்டனை இருந்தது, உதவி இல்லை.

அந்தப் பையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் அவன் கைக்கு அது எப்படி வந்தது என்று பார்ப்போம். 2023 மார்ச் 31ஆம் தேதி, திரவ நிக்கோட்டினை 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் சலிஹா முஸ்தபா நீக்கினார். மறுநாளே ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி அமலுக்கு வந்தது. அந்த வரியில் பாதி சுகாதார அமைச்சுக்கே திரும்பும் என்று வரவு செலவுத் திட்டத்தில் சொல்லப்பட்டது. பொருளை விற்க விட்டு, அதனால் வரும் நோய்க்கு மருந்து வாங்கும் கணக்கு!

வேப் விற்பனைக்கு வயது வரம்பு வைக்கும் புதிய சட்டம் அப்போது தயாராக இல்லை. புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட 18 மாதங்கள் நிக்கோட்டின் வேப்பைப் பிள்ளைகளுக்கு விற்றால் தடுக்க வயதுச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் அந்த மசோதா நிறைவேறுமுன், 2007ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் புகைப்பொருளே விற்கக்கூடாது என்ற பகுதியும் வெட்டி எறியப்பட்டது. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு அது முரண் என்றார்கள். சமத்துவம் கேட்டு எத்தனையோ முறை கதவைத் தட்டிய நமக்கு, அந்தப் பிரிவு எவ்வளவு வேகமாக வேலை செய்யக்கூடியது என்பது அன்றுதான் தெரிந்தது.

சுகாதார அமைச்சின் 2017ஆம் ஆண்டு ஆய்வில் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் வேப் பிடித்தவர்கள் 9.8 விழுக்காடு. 2022இல் அது 14.9 விழுக்காடு. ஆண் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 23.5, அதாவது ஏறக்குறைய நாலில் ஒருவன். அதே காலத்தில் சாதாரண சிகரெட் 13.8இலிருந்து 6.2க்கு இறங்கியது. சிகரெட்டைத் தொடப் பயந்த பிள்ளைகளை மாம்பழ வாசனையும் விளையாட்டுச் சாமான் போன்ற வடிவமும் இழுத்துக்கொண்டன. இவையெல்லாம் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முந்திய கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

இது இந்தியர்களின் பிரச்சினை மட்டுமல்ல. மலாய்க்கார, சீனப் பிள்ளைகளும் இதில் சிக்கியிருக்கிறார்கள். ஆனால் நமக்கு இதில் ஒரு பழைய நினைவு உண்டு. தோட்டத்தில் சம்பளம் போடும் கையே கள்ளுக்கடைக்கும் இடம் கொடுத்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டவற்றில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூடு என்பது. போர் முடிந்ததும் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் அதே கோரிக்கையோடு ஊர்வலம் போய் போலீஸ் அடியை வாங்கினார்கள். குடிப்பவன் கெட்டவன் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கடையை மூடு என்றார்கள். இன்று நாம் தலைகீழாக நிற்கிறோம். கடைக்காரனை விட்டுவிட்டுப் பையனின் கன்னத்தில் அறைகிறோம்.

அடிப்பதால் நிக்கோட்டின் இறங்காது. வளரும் மூளை இதற்குச் சீக்கிரம் அடிமையாகும்; மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நிறுத்திய முதல் மூன்று நாட்கள்தான் மிகக் கடினம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, பாடத்தில் கவனம் நிற்காமை எல்லாம் வரும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். இழுக்க வேண்டும் என்ற வெறி எழும்போது அது சில நிமிடங்களே நிற்கும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்த ஒரு துணை வேண்டும்: பேச ஓர் அண்ணன், பந்து விளையாட ஒரு நண்பன், கத்தாமல் உட்கார்ந்து கேட்க ஓர் அம்மா. ஒருமுறை சறுக்கினால் எல்லாம் போயிற்று என்று பொருளில்லை. பலருக்கு இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகே கைகூடுகிறது. நிக்கோட்டின் பசை மருந்தையோ சூயிங்கத்தையோ பெற்றோர் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. சில வேப் குப்பிகளில் எத்தோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்து விற்கப்படுகிறது. சிங்கப்பூர் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. பிள்ளை தள்ளாடினாலோ, கை கால் நடுங்கினாலோ, கூப்பிட்டும் விழிக்காவிட்டாலோ மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மானம் போய்விடும் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

உதவி அறவே இல்லை என்று சொல்ல மாட்டோம். சுகாதார அமைச்சின் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்தும் சேவை உண்டு. பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவினர் நடத்தும் 'கோத்தாக்' திட்டமும் இதற்காகவே. இவை இருப்பதே நம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. தெரிந்து போனாலும், மலாய் தடுமாறும் தாய்க்குத் தமிழில் விளக்க ஆள் இருக்க வேண்டுமே. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளையின் நிலை இன்னும் மோசம். குடிமகனுக்கு 1 ரிங்கிட் கட்டணம் என்றால், இங்கேயே பிறந்து வளர்ந்த இந்தப் பிள்ளை வெளிநாட்டவன் கணக்கில் பல மடங்கு கட்ட வேண்டிவரும். வேப் விற்பவன் யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு பிள்ளைகள் இதில் மாட்டியிருக்க மாட்டார்கள்.

ஆகவே சுகாதார அமைச்சிடமும் கல்வி அமைச்சிடமும் நாம் கேட்கிறோம். வேப்போடு பிடிபடும் ஒவ்வொரு மாணவனும் வீட்டுக்கு அனுப்பப்படும் முன் கிளினிக்குக்கு அனுப்பப்பட வேண்டும். 18 வயதுக்குட்பட்ட எவருக்கும், ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தச் சேவை இலவசமாகக் கிடைக்க வேண்டும். தமிழ் பேசும் ஆலோசகர்கள் வேண்டும். வேப் வரியில் சுகாதாரத்துக்கென்று சொன்ன பாதியில் எவ்வளவு பிள்ளைகளை மீட்கச் செலவானது என்று நாடாளுமன்றத்தில் கணக்கு வேண்டும்.

அந்தத் தாய் கடைசியில் ஒரு நாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மகனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். ஒரு நாள் சம்பளம் போயிற்று. பையன் இப்போது மூன்றாவது வாரத்தில் இருக்கிறான். இடையில் ஒருமுறை சறுக்கியிருக்கிறான். அதை அவனே அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: இங்கே வேப்போடு பிடிபட்ட மாணவர்களில் எத்தனை பேரைக் கிளினிக்குக்கு அனுப்பினீர்கள்? கிடைக்கும் பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பள்ளிப் பெயர் வெளியிடப்படாது.